ஆவி, ஆத்துமா, சரீரம்: மனிதன் மூன்று பகுதிகளின் தொகுப்பா?

மரண வீட்டில் நம்மில் பலர் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் மொழிகள் சில உண்டு. இங்கே கிடத்தப்பட்டிருப்பது வெறும் கூடு, குடியிருந்தவர் பறந்து போய்விட்டார் என்கிறோம். பழைய ஆடையைக் களைந்து போட்டுவிட்டார் என்கிறோம். சொல்லுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் இது கலப்பற்ற கிறிஸ்தவப் போதனையாகவே தோன்றுகிறது. ஆனால் நம் சபையார் ஞாயிறுதோறும் எழுந்து நின்று அறிக்கையிடுவது வேறொன்று. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தில் ஆத்துமா அழியாதது என்ற வாக்கியம் எங்கும் இல்லை. சரீரம் உயிர்த்தெழும் என்பதே அங்குள்ளது. களைந்து எறியப்பட்ட கூட்டை எதற்காகக் கடவுள் மீண்டும் எழுப்ப வேண்டும்? அடக்க ஆராதனையில் நாம் கூறும் ஆறுதலும் ஆலயத்தில் நாம் கூறும் அறிக்கையும் ஒன்றோடொன்று இசைவதில்லை. இவ்விசைவின்மை பிரசங்கத்தோடு நின்றுவிடாமல் சபை வாழ்வின் பல துறைகளுக்குள்ளும் புகுந்திருக்கிறது என்று நாம் கருதுவதாலேயே இக்கட்டுரையை எழுத முற்படுகிறோம்.

கூடு, ஆடை ஆகிய உவமைகள் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் நோக்குவோம். உடலுக்கும் உயிருக்கும் உள்ள உறவை, முட்டையைத் தனியே விட்டுவிட்டுப் பறந்து போகும் பறவைக்கு வள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில் ஒப்பிடுகிறார். நைந்த ஆடையைக் களைந்து புத்தாடை அணிவதைப் பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயம் உவமையாக்குகிறது. மேற்கே, உடலிலிருந்து விடுதலை பெறுவதே ஞானி நாடும் பேறு என்று பிளேட்டோவின் பைதோன் என்னும் உரையாடல் போதிக்கிறது. இவை ஆழ்ந்த சிந்தனைகளே, இவற்றை இகழ்ந்து பேசுவது நம் நோக்கமன்று. எனினும் திருமறையின் மனிதவியல் இவற்றினின்று வேறுபட்டது. அவ்வேறுபாட்டை மறைப்பதில் நம் மொழிபெயர்ப்புச் சொற்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆதியாகமம் 2:7ஐ எடுத்துக்கொள்வோம். கடவுள் மண்ணினால் மனிதனை உருவாக்கி அவன் நாசியிலே சுவாசத்தை ஊதினார். அதன் விளைவாக மனிதன் என்னவானான்? 1871ஆம் ஆண்டின் ஐக்கிய மொழிபெயர்ப்பு ஜீவாத்துமாவானான் என்கிறது. எபிரெயத்தில் உள்ள சொற்றொடர் நெபேஷ் ஹய்யா என்பதாகும். இதே சொற்றொடர் முதலாம் அதிகாரத்தில் நீரில் நீந்துவனவற்றிற்கும் நிலத்தில் நடமாடுவனவற்றிற்கும் வழங்கப்பட்டுள்ளது. அங்கே நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஜீவஜந்து என்று எழுதினர். ஒரே சொற்றொடர் மீனுக்கு வரும்போது ஜந்துவாகவும், மனிதனுக்கு வரும்போது ஆத்துமாவாகவும் மாறிவிட்டது! மொழிபெயர்ப்பாளர்களை நாம் குறை கூறவில்லை. மனிதனுக்குரிய மேன்மையைக் காக்கவே அவர்கள் முயன்றனர். ஆனால் அம்மேன்மையை ஆதியாகமம் வேறோர் இடத்தில், கடவுளின் சாயலில் வைத்திருக்கிறது. நெபேஷ் என்பதில் மனிதன் விலங்குகளோடு ஒருமைப்பட்டே நிற்கிறான். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் இவ்விடத்தில் மனிதன் உயிர் உள்ளவன் ஆனான் என்று பெயர்த்திருப்பது மூலத்துக்கு நெருங்கியது.

இங்கு இன்னுமொன்றைக் கவனிக்க வேண்டும். மண்ணாலான உடலுக்குள் நெபேஷ் என்னும் ஒரு பொருள் வைக்கப்பட்டதாக வசனம் கூறவில்லை. மண்ணும் சுவாசமும் சேர்ந்தபோது மனிதன் நெபேஷ் ஆனான். அவன் அதை உடையவன் அல்லன், அதுவாகவே இருக்கிறான்.

பழைய ஏற்பாட்டில் எழுநூற்றைம்பது தடவைக்கு மேல் வரும் இச்சொல்லின் அடிப்படைப் பொருள் தொண்டை அல்லது கழுத்து என்பது வியப்பூட்டும். பாதாளம் தன் நெபேஷை அகல விரித்தது என்று ஏசாயா 5:14 கூறுமிடத்தில் தொண்டை என்பதைத் தவிர வேறு பொருள் கொள்ள இயலாது. யோனாவை மூடிய வெள்ளம் அவன் நெபேஷ் மட்டும் வந்தது. தண்ணீரில் மூழ்குகிறவனுக்குக் கழுத்துவரை ஏறும் நீரே உயிருக்கு வந்த ஆபத்து. விடாய்த்த நெபேஷுக்குக் குளிர்ந்த தண்ணீரைப் பற்றி நீதிமொழிகள் பேசுகிறது. தொண்டையால் மூச்சு விடுகிறோம், உண்கிறோம், தாகம் கொள்கிறோம். ஆகவே தொண்டையைக் குறித்த சொல் பசியும் தாகமும் ஏக்கமும் உள்ள உயிரைக் குறிக்கலாயிற்று. பின்பு ஆளையே குறித்தது. யாக்கோபோடு எகிப்துக்குச் சென்ற குடும்பத்தார் எழுபது நெபேஷ் என்று எண்ணப்பட்டபோது நம் மொழிபெயர்ப்பு சரியாகவே எழுபதுபேர் என்கிறது. எல்லாவற்றிலும் விசித்திரமானது எண்ணாகமம் 6:6. நசரேயன் நெருங்கக்கூடாத இறந்த நெபேஷ் என்று அங்கே வருவது பிணத்தையே குறிக்கும். நம் வேதாகமத்தில் பிரேதம் என்றிருக்கிறது. அழியாத ஆத்துமா என்ற கருத்தை இச்சொல்லின்மேல் ஏற்றிப் படிப்பவர் இவ்வசனத்தை என்ன செய்வார்?

ரூவாக் என்பது காற்று, மூச்சு, ஆவி ஆகிய மூன்றையும் குறிக்கும். எசேக்கியேல் 37ஆம் அதிகாரத்தில் இம்மூன்று பொருளும் பின்னிக் கிடக்கின்றன. இங்கே தமிழ் நமக்கு ஓர் அரிய துணையைத் தருகிறது. ஆவி என்ற நம் சொல்லும் மூச்சு, உயிர், வெந்நீரிலிருந்து எழும் புகை எனப் பொருள் விரிந்து, கடவுளின் ஆவிவரை செல்கிறது. (பேயையும் ஆவி என்று வழங்குவது நம் போதகர்கள் நன்கறிந்த தொல்லை.) பாசார் என்பது மாம்சம். மனிதனின் பலவீனத்தையும் பிறரோடு அவனுக்குள்ள உறவையும் அது குறிக்கும். 1973இல் தம் பழைய ஏற்பாட்டு மனிதவியல் நூலை வெளியிட்ட ஜெர்மானிய அறிஞர் ஹன்ஸ் வால்டர் வுல்ஃப், நெபேஷ் என்பது தேவையுள்ள மனிதன், பாசார் என்பது பலவீனமுள்ள மனிதன், ரூவாக் என்பது வல்லமையூட்டப்பட்ட மனிதன், லேப் என்னும் இருதயம் பகுத்தறியும் மனிதன் என்று விளக்கினார். ஒவ்வொரு சொல்லும் முழு மனிதனையே ஒவ்வொரு கோணத்தில் நின்று காட்டுகிறது. 84ஆம் சங்கீதத்தின் இரண்டாம் வசனம் இதற்கு நல்ல சான்று. அங்கே ஆலயத்தை வாஞ்சிப்பது நெபேஷ். ஜீவனுள்ள கடவுளை நோக்கிக் கெம்பீரிப்பதோ இருதயமும் மாம்சமும். கடவுளை நாடும் தகுதி ஆவிக்கு மட்டுமே உண்டு என்று நம் கன்வென்ஷன் மேடைகளில் போதிக்கப்படுவதை மாம்சத்தால் பாடிய இச்சங்கீதக்காரன் ஒப்புவானா என்பது ஐயமே.

முப்பகுதிக் கொள்கை

இனி அக்கொள்கையையே நேராக நோக்குவோம். சரீரத்தால் உலகை உணர்கிறோம், ஆத்துமாவால் நம்மை உணர்கிறோம், ஆவியால் கடவுளை உணர்கிறோம் என்பது அதன் சுருக்கம். ஆசரிப்புக் கூடாரத்தின் வெளிப்பிராகாரம், பரிசுத்த ஸ்தலம், மகா பரிசுத்த ஸ்தலம் ஆகியவை இம்மூன்றுக்கும் உவமையாகக் கூறப்படும். சீன ஊழியரான வாட்ச்மேன் நீ 1928இல் எழுதி முடித்த நூலின் வழியாகவும், 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமக் குறிப்புகளின் வழியாகவும் இது உலகெங்கும் பரவியது. நம் மாணவர்களில் பலர் இக்கல்வியோடுதான் இறையியல் கல்லூரிக்குள் நுழைகின்றனர். அவர்களை நகைத்து ஒதுக்குவது நன்றன்று. கூடார உவமையை மார்ட்டின் லூத்தரே 1521இல் மரியாளின் பாடலுக்கு எழுதிய விரிவுரையில் கையாண்டிருக்கிறார். ஆனால் அவர் அங்கேயே வேறொன்றையும் சேர்த்துச் சொன்னார். ஆவி, மாம்சம் என்று திருமறை எதிரெதிரே நிறுத்தும்போது அது மனித இயல்பின் பகுதிகளைப் பற்றியதன்று, முழு மனிதனும் விசுவாசத்தில் நிற்கிறானா இல்லையா என்பதைப் பற்றியது என்றார். உவமையை எடுத்துக்கொண்டவர்கள் இதை விட்டுவிட்டனர்.

இக்கொள்கைக்கு ஆதாரமாக முதலில் காட்டப்படுவது 1 தெசலோனிக்கேயர் 5:23. பவுல் அங்கே ஆவி, ஆத்துமா, சரீரம் என மூன்றையும் அடுக்குகிறார் என்பது மெய்யே. ஆனால் அவ்வசனத்தின் பாரம் எதன்மேல் இருக்கிறது? முற்றிலும் பரிசுத்தமாக்கப்படுதல், முழுமையாகக் காக்கப்படுதல் என்பவற்றின் மேலன்றோ? மூன்று பெயர்ச்சொற்கள் வந்தும் கிரேக்க மூலத்தில் வினைச்சொல் ஒருமையிலேயே நிற்கிறது. நம் ஆண்டவர் பிரதான கற்பனையைக் கூறும்போது இருதயம், ஆத்துமா, மனம், பலம் என நான்கை அடுக்கினார் (மாற்கு 12:30). உபாகமத்தில் அது மூன்றாக இருந்தது. ஆண்டவர் மனிதனுக்கு ஒரு பகுதியைக் கூட்டிவிட்டார் என்று எவரும் சொல்வதில்லை. எபிரெயர் 4:12இல் வசனமாகிய பட்டயம் ஆத்துமாவையும் ஆவியையும் கணுக்களையும் ஊனையும் ஊடுருவுகிறது. ஆத்துமாவையும் ஆவியையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாகப் பிரித்தெடுக்கிறது என்பதைவிட, எட்ட முடியாத ஆழம்வரை எட்டுகிறது என்பதே அங்குள்ள கருத்து.

மரியாளின் பாடலில் ஆத்துமா மகிமைப்படுத்துகிறது, ஆவி களிகூருகிறது. எபிரெயக் கவிதையின் இணையடிகளை அறிந்தவர் இங்கே இரண்டு உறுப்புகளைத் தேடமாட்டார். யோவான் நற்செய்தியில் இயேசு 12:27இல் தம் ஆத்துமாவிலே கலங்குகிறார், 13:21இல் தம் ஆவியிலே கலங்குகிறார். கிரேக்கத்தில் வினைச்சொல் ஒன்றே, கலக்கமும் ஒன்றே.

அப்படியானால் 1 கொரிந்தியர் 2ஆம் அதிகாரத்தில் பவுல் ப்சூக்கே உடைய மனிதனையும் ப்நூமா உடைய மனிதனையும் எதிரெதிரே நிறுத்துவது ஏன்? இது நியாயமான கேள்வி. நம் வேதாகமம் முன்னவனை ஜென்மசுபாவமான மனுஷன் என்று பெயர்த்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்களின் நுண்ணறிவை இங்கே நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆத்துமாவுக்குரிய மனிதன் என்று பெயர்த்திருந்தால் எத்துணைக் குழப்பம் விளைந்திருக்கும்! பவுல் கூறுவது உயிர்மூச்சு மட்டும் உடையவனாய், கடவுளின் ஆவியைப் பெறாமல் இருக்கும் மனிதனைப் பற்றியது. 15ஆம் அதிகாரத்தில் இதே சொல் சரீரத்தோடு சேர்ந்து வருகிறது. ஜென்ம சரீரம் விதைக்கப்பட்டு ஆவிக்குரிய சரீரம் எழுந்திருக்கிறது. ஆவிக்குரிய சரீரம் என்பது ஆவியால் ஆன, எடையற்ற, புகை போன்ற ஓர் உருவம் என்று எண்ணுகிறவர்கள் உளர். ஜென்ம சரீரம் எவ்வாறு ஆத்துமாவால் செய்யப்பட்டதன்றோ, அவ்வாறே ஆவிக்குரிய சரீரமும் ஆவியால் செய்யப்பட்டதன்று. கடவுளின் ஆவியால் ஆளப்பட்டு உயிர்ப்பிக்கப்பட்ட சரீரம் என்பதே பொருள்.

முப்பகுதிக் கொள்கையால் விளையும் கேடு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிந்தனை, உணர்ச்சி, கலை, கல்வி ஆகிய யாவும் ஆத்துமத்துக்குரியவை, எனவே தாழ்ந்தவை என்று கற்பிக்கப்பட்ட இளைஞர்கள், படிக்கும் மனத்தையே ஒரு சோதனையாக எண்ணுகின்றனர். மனச்சோர்வு நோயுற்ற ஒருவரிடம் உம் ஆவி பலவீனப்பட்டது என்று கூறி, மருத்துவரிடம் செல்லாதபடி தடுத்த நிகழ்ச்சிகளை நாம் அறிவோம். பவுல் இவ்வழியை மேற்கொள்ளவில்லை. ஆவியினால் ஜெபிக்கும்போது மனம் பயனற்றிருப்பதைக் கண்டு, ஆவியோடும் கருத்தோடும் ஜெபிப்பேன் என்னும் கருத்துப்பட எழுதினார் (1 கொரி. 14). மேலும் திருச்சபை வரலாற்றிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. லவோதிக்கேயாவின் அப்பொல்லினாரியு, கிறிஸ்துவில் மனித மனத்தின் இடத்தைத் தெய்வ வார்த்தையே நிரப்பிற்று என்றார். 381இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் இதைத் தள்ளியது. கிறிஸ்து எதை ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாக்கப்படவும் இல்லை என்பதே நசியான்சு கிரகோரியார் காட்டிய நியாயம். மனித மனம் மீட்கப்பட வேண்டியது, ஆகவே கிறிஸ்து அதை ஏற்றார். கிறிஸ்து ஏற்ற ஒன்றை நாம் தாழ்ந்தது என்று எவ்வாறு தள்ளுவோம்?

சரீரம் மட்டும் தனியே நின்றபோது

மாம்சம் என்னும் சார்க்ஸ், சரீரம் என்னும் சோமா ஆகிய இரண்டையும் நம் பேச்சில் ஒன்றாக்கிவிடுகிறோம். கலாத்தியர் 5ஆம் அதிகாரத்தில் மாம்சத்தின் கிரியைகளைப் பட்டியலிடும் பவுல், பகை, வாக்குவாதம், பொறாமை, பிரிவினை எனப் பலவற்றைச் சேர்க்கிறார். இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்ய உடலே தேவையில்லை, சபைக் குழுக் கூட்டமே போதும். சரீரமோ ஆண்டவருக்குரியது, ஆண்டவரும் சரீரத்துக்குரியவர் என்று கொரிந்தியருக்கு எழுதப்பட்டது. பவுலின் சோமா மனிதன் உடைமையாகக் கொண்டிருக்கும் ஒன்றன்று, மனிதனே சோமா என்று ருடால்ஃப் புல்ட்மன் வற்புறுத்தினார். அது சற்றே மிகை என்றும், பவுல் கண்ணுக்குப் புலனாகும் உடலையே எண்ணுகிறார் என்றும் 1976இல் ராபர்ட் கண்ட்ரி மறுத்தெழுதினார். நம் மட்டில் கண்ட்ரியின் வாதமே வலுவுடையது. சரீரத்தை ஆள் என்று மட்டும் பொருள்கொண்டால், பசிக்கும் வயிறும் அடிபடும் முதுகும் இறையியலிலிருந்து மறைந்துபோகும்.

இது வெறும் ஏட்டு வாதமன்று. தமிழகத் திருச்சபையின் வரலாற்றில் சரீரத்தையும் ஆத்துமாவையும் பிரித்ததற்கு நாம் கொடுத்த விலை பெரிது. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தோர் கூறிய நியாயம் யாது? சாதி உலகியல் சார்ந்த சமுதாய வழக்கம், அது விசுவாசத்தைத் தொடுவதில்லை என்பதாகும். கடவுளுக்குமுன் ஆத்துமாக்கள் சமம். ஆனால் உட்காரும் இடம் வேறு, பாத்திரத்தில் பருகும் வரிசை வேறு, புதைக்கும் நிலம் வேறு. இவை மூன்றும் சரீரத்தைப் பற்றியவை அல்லவா? தீண்டாமை என்பது தொடக்கமுதல் முடிவுவரை உடலைப் பற்றிய கோட்பாடு. ஆத்துமாவை எவரும் தீண்டாமல் விலக்குவதில்லை. ஆகவே ஆத்துமாவின் சமத்துவத்தை மட்டும் பிரசங்கிக்கும் சபை சாதியை ஒருநாளும் தொடாமல் பிரசங்கித்துக்கொண்டே இருக்கலாம். அந்தியோகியாவில் பேதுரு தம் உபதேசத்தை மாற்றவில்லை, பந்தியிலிருந்து எழுந்து விலகினார், அவ்வளவே. அது சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே முரண் என்று பவுல் முகமுகமாய் எதிர்த்தார். கொரிந்துவின் பந்தியில் ஒருவன் பசியாயிருக்க ஒருவன் வெறித்திருந்ததைக் கண்டித்த அதிகாரத்தில்தான் சரீரத்தை நிதானித்து அறியாமை என்ற சொல்லும் வருகிறது. கல்லறைத் தோட்டங்களில் நடுவே சுவர் எழுப்பி வைத்திருக்கும் சபைகள் இவ்வதிகாரத்தை எவ்வாறு வாசிக்கின்றன என்று அறிய விரும்புகிறோம்.

ஆத்தும ஆதாயம் என்ற சொல்லும் இவ்விடத்தில் ஆராயத்தக்கது. நீதிமொழிகள் 11:30இல் உள்ள நெபேஷ்கள் மனித உயிர்கள், மனிதர்கள். பெந்தெகொஸ்தே நாளில் சேர்க்கப்பட்ட மூவாயிரம் ப்சூக்கேக்களை நம் மொழிபெயர்ப்பு மூவாயிரம்பேர் என்றே எழுதிற்று. பவுலோடு கப்பற்சேதத்தில் தப்பிய 276 ப்சூக்கேக்களும் அவ்வாறே பேர்கள், நனைந்து குளிரில் நடுங்கிய பேர்கள். மெலித்தா தீவார் அவர்களுக்கு நெருப்பு மூட்டினார்கள்.

இடைநிலையைப் பற்றி

எல்லாவற்றையும் எபிரெயம், கிரேக்கம் என இரண்டாகப் பிரித்து, எபிரெய மனம் ஒருமையை நாடும், கிரேக்க மனம் பிரிவினையை நாடும் என்று முடிப்பது ஒருகாலத்தில் எளிதாக இருந்தது. ஜேம்ஸ் பார் 1961இல் எழுதிய நூல் அவ்வெளிமையைக் குலைத்தது. சொல்லின் வேரைக் கொண்டு ஓர் இனத்தின் சிந்தனையை முடிவு கட்டலாகாது என்றார். நாமும் மேலே தொண்டையைப் பற்றிக் கூறியதை அளவோடு கொள்ள வேண்டும். ஆஸ்கர் குல்மன் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவில் சாக்கிரட்டீசின் அமைதியான மரணத்தையும் கெத்செமனேயில் இயேசுவின் நடுக்கத்தையும் ஒப்பிட்டு, ஆத்தும அழியாமை வேறு, உயிர்த்தெழுதல் வேறு என்று காட்டினார். அவ்வேறுபாடு உண்மையே. ஆனால் குல்மனும் மரித்தோர் கிறிஸ்துவோடு இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. கள்ளனுக்குக் கொடுத்த வாக்கும், தேகத்தை விட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடன் இருக்க பவுல் கொண்ட ஆசையும், சரீரத்தைக் கொல்லுகிறவர்களுக்குப் பயப்படவேண்டாம் என்ற ஆண்டவரின் மொழியும் புதிய ஏற்பாட்டில் உள்ளன. இவற்றை மழுப்புவது நேர்மையன்று. மரணத்துக்கும் உயிர்த்தெழுதலுக்கும் இடையே விசுவாசி கிறிஸ்துவின் கையில் இருக்கிறார். இதற்குக் காரணம் ஆத்துமா இயல்பிலேயே அழியாத பொருள் என்பதன்று, பிடித்திருக்கும் கை விடாது என்பதே. உயிர் தொடக்கமற்றது, என்றும் உள்ளது என்று சைவ சித்தாந்தம் கூறும். நமக்கோ உயிரும் படைக்கப்பட்டதே, ஒவ்வொரு கணமும் கொடுக்கப்படுவதே. 104ஆம் சங்கீதம் இதைத்தான் பாடுகிறது. ஆத்துமா என்ற சொல்லைக் கைவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. அது நம் பாட்டுகளிலும் ஜெபங்களிலும் ஊறிய சொல். எப்பொருளில் வழங்குகிறோம் என்பதை அறிந்து வழங்கினால் போதும்.

முடிவாக, அண்மைக்காலத்தில் ஆயர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வி. நாற்பதாண்டு சபையில் மூப்பராயிருந்தவர் முதுமையில் மறதி நோயுற்று, மனைவியின் பெயரையும் கர்த்தருடைய ஜெபத்தையும் மறந்து, ஒருபோதும் பேசாத வசைச் சொற்களைப் பேசுகிறார். அவர் ஆத்துமா என்னவாயிற்று என்று பிள்ளைகள் கேட்கின்றனர். மூளையின் சில பகுதிகள் சிதையும்போது நினைவும் நாவடக்கமும் குலைகின்றன என்பதை இன்று மருத்துவம் தெளிவாக அறிந்திருக்கிறது. முப்பகுதிக் கொள்கையைக் கொண்டவர், அவருடைய ஆவி உள்ளே பழுதின்றி மறைந்திருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்பார். அவ்வாறெனில் இங்கே படுக்கையில் கிடப்பவர் யார்? பிள்ளைகள் யாரைக் கழுவி, யாருக்கு உணவூட்டுகிறார்கள்? உள்ளே மறைந்திருப்பவரே மெய்யான தந்தை என்றால், இவரைப் புறக்கணிப்பது அவ்வளவு பெரிய குற்றமாகத் தோன்றாது.

நம் மொழியில் மெய் என்பது உடலையும் உண்மையையும் ஒருசேரக் குறிக்கும் சொல். இலக்கணத்தார் உயிர், மெய், உயிர்மெய் என்றனர். 'க' என்பதைப் பலுக்குகையில் மெய் எங்கே முடிந்தது, உயிர் எங்கே தொடங்கிற்று என்று காது பிரித்தறியாது. உவமை முழுவதும் பொருந்தாது, ஏனெனில் உயிரெழுத்து தனித்தும் இயங்கும். ஆயினும் படுக்கையில் கிடக்கும் அம்மூப்பரே அவர் என்று பிள்ளைகளிடம் சொல்ல அது நமக்குத் துணைசெய்யும். அவர் கடவுளை நினைக்க இயலாதபோதும் கடவுள் அவரை நினைத்திருக்கிறார். எட்டாம் சங்கீதம் மனிதனைப் பற்றி வியந்து கேட்பதும் இந்நினைவைக் குறித்தே. வார்த்தை இல்லாதவனுக்காக ஆவியானவர் பெருமூச்சோடு வேண்டுகிறார் என்று ரோமர் 8 கூறுகிறது. அவருக்கு நற்கருணை கொடுக்கலாமா என்று ஆயர்கள் தயங்குவதுண்டு. கொடுக்கலாம் என்பதே நம் கருத்து. ஜெபத்தை மறந்தவர்களும் அப்பத்தைக் கண்டதும் கையை நீட்டுவதை நாம் கண்டிருக்கிறோம்.